ஒவ்வொரு நாளும் குளிக்கிறவர்

அன்று வேலைக்கு லீவு எடுத்திருந்தும் விடிய ஐந்து மணிக்கே நகுலேஸ்வரி எழும்பி உழுந்து அரைத்துவிட்டாள். பத்து மணிக்கு வீட்டுக்கு ஆள் வருகிறது. வருகிறவர் சொந்தக்காரரும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. அரசாங்க உதவிப் பணம் கொடுக்கும் பெனிபிட் அலுவலகம் அனுப்புகிற ஒரு நர்ஸ். அவளுடைய கணவர் கிருஷ்ணராசாவால் எதெது ஏலும், எதெது ஏலாது என்று பார்த்து எழுதிக்கொண்டு போக வருகிறார். ஆனாலும் படியேறி வருகிற ஒரு மனுசியை வெறும் வாயோடு திருப்பி அனுப்ப நகுலேஸ்வரிக்கு மனம் வராது.

கிருஷ்ணராசா டைல் ஒட்டுகிறவர். ஜெர்மனியில் அந்த வேலையைப் பழகி, பிறகு லண்டனுக்கு வந்து, கோலியர்ஸ் வுட்டில் குடியிருந்து பதினேழு வருசம் முழங்காலில் நின்று உழைத்தவர். இரண்டு வருசத்துக்கு முன் ஒரு காலை வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். ஸ்ட்ரோக். உயிரைக் கடவுள் விட்டுவைத்தார். வலது கையும் காலும் திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கே வேலை செய்த ஒரு பெண்பிள்ளையே படிவங்களை நிரப்பி அனுப்பிவிட்டது. அவருக்கு உதவிப் பணம் வரத் தொடங்கியது. அவரைப் பார்த்துக்கொள்வதற்கென்று நகுலேஸ்வரிக்கும் ஒரு தொகை வந்தது. அதை நம்பித்தான் அவள் சான்ட்விச் பொதி செய்யும் கம்பனியில் காலை நாலு மணித்தியாலம் மட்டும் நின்றுவிட்டு மத்தியானத்துக்கு முன் வீட்டுக்கு ஓடி வருவாள். அந்தப் பணம் இன்னும் தேவையா என்று பார்க்கத்தான் இப்போது நர்ஸ் வருகிறார்.

நகுலேஸ்வரி கூடத்தில் இருந்த, அவர் மலசலம் கழிக்கிற கொமோட் கதிரையை அறைக்குள் தள்ளி, பழைய சேலை ஒன்றால் மூடினாள். ஊன்றுதடியைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். அவருக்குச் சவரம் செய்துவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, அந்த நீலச் சேட்டைப் போடுவம்.”

“ஏன், கலியாண வீட்டுக்கே போறம்?”

“வீட்டுக்கு ஆள் வரேக்க பெனியனோட இருக்கிறதே? கையைத் தூக்குங்கோ.”

வந்த நர்ஸ் நல்ல மனுசி. சிரித்த முகம். அவர் உள்ளே வந்ததும் கிருஷ்ணராசா மேசை விளிம்பை இடக்கையால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பி நின்றார். பெண்பிள்ளை நிற்கத் தான் இருப்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம்.

எப்படி இருக்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டார். கடவுள் புண்ணியத்தில் நல்ல சுகம் என்று அவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். சமைப்பீர்களா என்று கேட்டபோது சிரித்துவிட்டார். “மனுசி இருக்கேக்க நான் ஏன் சமைக்கவேணும்?” அடுத்தது குளிப்பு. அவர் கதிரையில் நிமிர்ந்தார். “ஒவ்வொரு நாளும் குளிப்பன். குளிக்காமல் சாமிக்கு விளக்கு ஏத்தமாட்டன்.”

குசினியில் நின்ற நகுலேஸ்வரிக்கு எல்லாம் கேட்டது. சொன்னது பொய்யில்லை. அவர் ஒவ்வொரு நாளும் குளிக்கிறவர்தான். பிளாஸ்டிக் கதிரையில் அவரை இருத்தி, சரிந்து போகாமல் பிடித்து, தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளிக்க வார்ப்பது அவள். ஆனால் அந்நிய மனுசிக்கு முன்னால் கட்டினவரின் பேச்சை வெட்டிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. வடையைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனாள். தட்டை அவரே வாங்கி, இடக்கையால் நர்சிடம் நீட்டினார். நர்ஸ் மூன்று வடை சாப்பிட்டார். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்றும் கேட்டார்.

“நல்ல பிள்ளை,” என்றார் கிருஷ்ணராசா, கதவு சாத்தியதும்.

“ஓம், வித்தியாசம் பாராத பிள்ளை,” என்றாள் நகுலேஸ்வரி. அன்று இரண்டு பேருக்கும் மனம் நிறைந்திருந்தது.

நாலு கிழமையில் கடிதம் வந்தது. நகுலேஸ்வரி அதைப் படம் பிடித்து, மான்செஸ்டரில் வேலை செய்யும் மகள் கோசிகாவுக்கு அனுப்பினாள். மகள் உடனே போன் எடுத்தாள்.

“அம்மா, அப்பா என்ன சொன்னவர் அவவிட்ட? ஏலாததுக்குக் குடுக்கிற பொயின்ட் ஒண்டும் குடுக்கேல்லை. அவற்ற காசும் நிக்குது, உங்கட காசும் நிக்குது.”

“ஏனாம்?”

“எழும்பி நிண்டு வரவேற்றவராம். தட்டைத் தூக்கி நீட்டினவராம். சமைக்க ஏலும், விருப்பமில்லையாம். ஒவ்வொரு நாளும் குளிக்கிறாராம். வேற என்ன வேணும்?”

நகுலேஸ்வரிக்கு நர்சில் கோபம் வரவில்லை. பாவம், அவர் கண்டதையும் கேட்டதையும்தான் எழுதியிருக்கிறார். காட்டாமல் மூடி வைத்தது யார்?

கம்பனியில் மேற்பார்வை பார்க்கும் பிரதாபனிடம் கேட்டு முழு நாள் ஷிப்ட் எடுத்தாள். வேறு வழி இல்லை, வாடகை இருக்கிறது. விடிய ஐந்தரைக்குப் போனால் பின்னேரம் நாலு மணிக்குத்தான் வீடு. அவள் போகும்போது கிருஷ்ணராசாவை எழுப்பிக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் பிளாஸ்கில் தேத்தண்ணியும், நறுக்கிய பாணும், போனும் வைப்பாள். வந்து பார்த்தால் அவர் அதே கதிரையில், அதே சாரத்தோடு, குளிக்காமல் இருப்பார். சாமிப்படத்துக்கு முன் ஒவ்வொரு நாளும் விளக்கு எரிந்த வீட்டில் மத்தியானம் தாண்டியும் திரி கறுத்துக் கிடந்தது.

“திரும்ப எழுதிக் கேக்கலாமாம், ஒரு மாதத்துக்குள்ள,” என்றாள் ஓர் இரவு.

“விடும் நகுலா. இவ்வளவு நாளும் மற்றவையிட்டக் கை நீட்டினது காணும்.”

“கை நீட்டாமல் நான் எப்பிடி உங்களைக் குளிக்க வாக்கிறது?”



நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஷோபா என்று ஒரு பெண் இருந்து, சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பாள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே நல்ல உத்தியோகத்தில் இருப்பவள். இதைச் சம்பளமில்லாமல் செய்கிறாள். நகுலேஸ்வரி ஒரு செவ்வாய் லீவு எடுத்து, கணவரைச் சில்லுக்கதிரையில் தள்ளிக்கொண்டு போனாள்.

ஷோபா கடிதத்தைப் படித்து, அன்று நடந்ததையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். “ஆன்ட்டி, வடை வேற சுட்டீங்களா? எங்கம்மாவா இருந்தா கேசரியும் கிண்டியிருப்பாங்க.”

நகுலேஸ்வரிக்கு வெட்கமாகிப் போனது.

“சரி அங்கிள். இந்தத் தாள்ல நல்ல நாளைப் பத்தி எழுதக்கூடாது. மோசமான நாளைச் சொல்லுங்க. தூங்கி எழுந்ததிலேருந்து.”

“அதை வாயால சொல்லுறதே, பிள்ளை? வீட்டுக் கஷ்டத்தை வெளியில சொன்னால் அது இன்னும் கூடும் எண்டுவினம்.”

“சொல்லலைன்னா ஆன்ட்டிக்குத்தான் கூடுது. நீங்க எத்தனை வருஷம் டேக்ஸ் கட்டினீங்க?”

“பதினேழு.”

“அப்ப யாரோ படுத்திருந்தாங்க, அவங்களுக்கு உங்க காசு போச்சு. இப்ப நீங்க படுத்துட்டீங்க. அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் குளிக்கிறீங்க, சரி. குளிப்பாட்டுறது யாரு?”

கிருஷ்ணராசா மேசையைப் பார்த்தார்.

“இவதான்,” என்றார்.

அந்த ஒரு சொல் வந்தபிறகு மிச்சம் தானாக வந்தது. பட்டன் பூட்டுவது, கொமோட்டில் இருத்துவது, சுத்தம் செய்துவிடுவது, சோறு பிசைந்து தருவது. ஷோபா தலை நிமிராமல் எழுதினாள்.

“ஆன்ட்டி இல்லாதப்ப?”

“பேசாமல் இருப்பன்.” இடக்கையால் நெற்றியைத் தடவி, “தை மாதம் ஒருக்கால் தனியக் குளிக்கப் போனனான்,” என்றார். “வெள்ளிக்கிழமை. இவ வர முதல் விளக்கு ஏத்துவம் எண்டு. வழுக்கிப்போட்டுது. எழும்ப ஏலேல்லை. இரண்டு மணித்தியாலம் நிலத்தில கிடந்தனான். பிறகு அரக்கி அரக்கி கட்டிலுக்கு வந்திட்டன்.”

நகுலேஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள். “நெத்தியில இருந்த காயம்? அது கதவு அடிச்சதெண்டெல்லோ சொன்னீங்கள்!”

“உண்மையைச் சொன்னால் நீர் இருந்த அந்தச் சின்ன வேலையையும் விட்டிருப்பீர்.”

“நான் அந்தக் கதவுக்கு எண்ணெயும் விட்டனே!” என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “எழுதுங்கோ பிள்ளை. ஒண்டும் விடாதேங்கோ,” என்றாள்.

ஷோபா டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கச் சொன்னாள். கொமோட்டையும் தடியையும் மூடாமல் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். ஒரு நாளில் தான் செய்வதையெல்லாம் நகுலேஸ்வரி தமிழிலேயே நாலு பக்கம் எழுதினாள். கோசிகா அதை இங்கிலீஷில் மாற்றி அனுப்பினாள். மாற்றும்போது இரண்டு தரம் போன் எடுத்து, “அம்மா, இதெல்லாம் எனக்கு ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டாள்.

பதிலுக்கு ஒன்பது கிழமை பிடித்தது. ஒன்பது கிழமையும் நகுலேஸ்வரி விடிய ஐந்தரைக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு இடைவேளையிலும் போன் எடுப்பாள். “கதிரையிலதானே இருக்கிறீங்கள்?” “ஓம்.” “குளியலறைப் பக்கம் போகேல்லையே?” “இல்லையப்பா, பிள்ளையாராணை.” முருகனுக்கு வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள். கேட்டது பணத்தையல்ல. பகல் நேரத்தில் தன் வீட்டில் இருக்கிற வரத்தைத்தான் கேட்டாள்.

கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. முதல் எடுத்த முடிவை மாற்றியிருந்தார்கள். இரண்டு பேருடைய பணமும் திரும்ப வரும். கோசிகா இரண்டு தரம் வாசித்துக் காட்டியபிறகுதான் நகுலேஸ்வரி நம்பினாள். உடனே பிரதாபனுக்குப் போன் எடுத்தாள்.

“தம்பி, திங்கட்கிழமையில இருந்து எனக்குப் பழைய நாலு மணித்தியாலம் காணும்.”

“என்னக்கா, லொத்தர் விழுந்திட்டுதோ?”

“இல்லைத் தம்பி, அவருக்கு ஏலாதெண்டு நம்பிட்டினம்.”

“நல்ல சந்தோசமான விசயம்தான்,” என்று பிரதாபன் சிரித்தான். “சரியக்கா, நேரத்தை மாத்தி விடுறன்.”

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அவள் கதவைத் திறந்தபோது கிருஷ்ணராசா இடது தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு கதிரையில் ஆயத்தமாக இருந்தார்.

“பத்து நிமிசம் பிந்திப்போனீர்,” என்றார்.