புளுகர்

கயிறு தூணில் விழாமல் தண்ணீரில் விழுந்தது. செலஸ்ரின் அதை இழுத்துச் சுற்றி மறுபடியும் எறிந்தார். அதுவும் தவறியது. படகு இறங்குதுறையில் உராய, இறங்குவதற்கு எழும்பி நின்ற மூதூர்ச் சனம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தது.

"என்ன புளுகர், கண்ணத் தொறந்திட்டு எறியுங்க!" சுக்கான் பிடித்திருந்த முத்தலிப் மேலேயிருந்து கத்தினார். "திமிங்கிலத்துக்குச் சுருக்குப் போட்டு இழுத்தன் எண்டு நேத்துத்தானே கதை விட்டீங்க?"

"திமிங்கிலம் பரவாயில்லை முத்தலிப். உங்களை மாதிரிக் கத்தாது."

சனம் சிரித்தது. செலஸ்ரினும் சிரித்தார். அடுத்த எறிவில் கயிறு தூணைப் பிடித்துக்கொண்டது. அவருடைய கண் மட்டும் துறையின் ஓரத்தில் கறுப்புக் குடையோடு நின்ற பெண்ணிடம் இருந்தது. அவருடைய அக்கா இசபெல். இத்தனை வருடத்தில் அவள் இந்தத் துறைக்கு வந்ததில்லை.

கடைசிப் பயணியும் இறங்கிய பிறகு அவள் கிட்ட வந்தாள். குடையை மடக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை பெரிய சுவாமி வாறார் தம்பி. சபைத் தலைவர். எங்கட கோயிலிலதான் பூசை. எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கப் போறாராம்."

"ஆரிட்ட?"

"உன்னை மாதிரி ஆக்களிட்டத்தான். முன்வரிசையில இடம் வைச்சிருக்காம். பூசைக்குப் பிறகு தனியவும் கதைப்பாராம்." அவருடைய சட்டையைப் பார்த்தாள். "வெள்ளைச் சேட் இருக்கோ?"

"இருக்கு."

"இஸ்திரி போட்டுக்கொண்டு வா. இதோட எல்லாம் முடியட்டும்."

அவள் போனாள். குடை தெருவில் திரும்பும்வரை செலஸ்ரின் கையில் ஈரக்கயிற்றோடு நின்றார்.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் கட்டவில்லை. கோட்டைப் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். ஒரு கட்டில், ஒரு கதிரை, மண்ணெண்ணெய் அடுப்பு. யாராவது வந்தால் கட்டிலில் இருக்கச் சொல்ல வேண்டியதுதான்; யாரும் வருவதில்லை. சமைத்ததைக் கதிரையில் வைத்து, தான் நிலத்தில் இருந்து சாப்பிடுவார். மிச்சத்தை வாசலுக்கு வரும் மான்களுக்குப் போடுவார். ஊருக்குள் திரியும் மான்கள். சோற்றைத் தின்றுவிட்டு அவரைத் திரும்பிப் பாராமல் போய்விடும். படகில்தான் அவருக்குப் பேச்சு. சுறா கதை, பேய் கதை, சுழியில் விழுந்து அக்கரையில் எழும்பிய கதை. மூதூர் போய்ச் சேருவதற்குள் ஒரு கதையாவது சொல்லாமல் விடமாட்டார். புளுகர் இல்லாத நாளில் படகு ஓடுறது மாதிரியே இல்லை என்று பயணிகள் சொல்வார்கள்.

கதை சொல்வதால் அந்தப் பெயர் வந்தது என்றுதான் முத்தலிப் உட்பட எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் பெயர்தான் முதலில் வந்தது. கதைகளெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஒட்டிக்கொண்ட பெயருக்கு வேறு ஒரு காரணம் இருக்கட்டும் என்று அவரே ஒவ்வொன்றாகச் செய்து வைத்தவை.

கோயிலுக்குப் பக்கத்தில் அந்தக் கத்தோலிக்கக் குருமார் சபை ஒரு சிறுவர் விடுதி நடத்தியது. தாய் இல்லாத வீடு என்று அப்பா அவரை அங்கே விட்டார். விடுதிச் சுவாமி நன்றாகப் பாடுவார், ஊரே அவரைக் கொண்டாடியது. சின்னச் செலஸ்ரினுக்கு அவர் செய்ததை, ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது அவன் அப்பாவிடம் சொன்னான். அந்த வயதில் அவனுக்குத் தெரிந்த சொற்கள் குறைவு. குறைந்த சொற்களே போதுமாக இருந்தன. அப்பா அறைந்தார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிகிற நேரம், அப்பா அவனைக் கையில் பிடித்து முன்னால் கொண்டுபோனார். பிழை செய்த பிள்ளைகளைக் கோயிலில் எல்லோரும் பார்க்க முழங்காலில் விடுவது அப்போது வழக்கம். பீடத்துக்கு முன்னால், அந்தோனியார் சுரூபத்துக்கு நேரே அவன் முழங்காலில் நின்றான். அப்பா சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான்.

"சுவாமி, உங்களைப் பற்றிப் பொய் சொன்னதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சுவாமியுடைய அங்கியின் ஓரத்தில் மெழுகு சொட்டிக் காய்ந்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் கை வந்து இருந்தது. "மன்னிச்சிட்டன் மகன்" என்றார் சுவாமி. பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு இருந்த இசபெல் குனிந்துகொண்டாள். சனம் நெகிழ்ந்துபோனது. எவ்வளவு பெரிய மனசு சுவாமிக்கு.

பின்னேரமே பொடியள் அவனைப் புளுகன் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அன்று மாலை அப்பா அவனைத் திரும்பவும் விடுதியில் கொண்டுபோய் விட்டார்.

அப்பா செத்தார். சுவாமியும் செத்தார். போன வருடம் கனடாவில் இருக்கும் ஒருவர், அதே விடுதியில் இருந்தவர், கைத்தொலைபேசியைப் பார்த்து அழுதபடி எல்லாவற்றையும் சொன்னார். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சபையிலிருந்து ஒரு இளம் சுவாமி விசாரிக்க வந்து செலஸ்ரினின் கட்டிலில் இருந்தார். "ஓம். எனக்கும்" என்றார் செலஸ்ரின். முழங்காலில் நின்றதை அந்த இளம் சுவாமி கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் வரட்டும் என்று வைத்திருந்தார்.

ஞாயிறு வெள்ளைச் சேட்டோடு போனார். கோயில் மாறியிருந்தது. நிலத்துக்கு மாபிள் போட்டு, பீடத்தை முன்னால் கொண்டுவந்திருந்தார்கள். அந்தோனியார் மட்டும் பழைய இடத்தில் நின்றார்.

பெரிய சுவாமி அவர் நினைத்ததைவிட இளையவர். பிரசங்க நேரத்தில் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். "எமது சபையைச் சேர்ந்த சிலரால் காயப்பட்ட அனைவரிடமும் இறைவன் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கின்றேன்." பிறகு தாளை வைத்துவிட்டு, யாரும் எதிர்பாராமல் படியிறங்கி வந்து, சனத்தைப் பார்த்து முழங்காலில் விழுந்தார்.

கோயில் முழுக்க விம்மல் கேட்டது. பின்னால் ஒரு பெண் "ஆண்டவரே" என்று வாய்விட்டு அழுதாள். இசபெல் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். செலஸ்ரினுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையைப் பிடித்து அழுத்தினார்.

செலஸ்ரின் அந்த இடத்தைப் பார்த்தார். அந்தோனியாருக்கு நேரே. ஒரு முழம் தள்ளி இருக்கலாம். அந்த இடத்தில் முழங்காலில் நிற்பவர் பொய் சொன்னவர். செலஸ்ரினுக்கு அப்படித்தான் பழக்கம். பெரிய சுவாமி அழுதார். அது நடிப்பில்லை என்று தெரிந்தது. ஆனாலும் செலஸ்ரினுக்குள் ஒன்றும் அசையவில்லை. கையைப் பிடித்தவர் எப்போது விடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசைக்குப் பிறகு, சுவாமிமார் இருக்கும் பங்குமனைக்குச் செலஸ்ரினைக் கூப்பிட்டார்கள். பெரிய சுவாமி எழுந்து கதிரை இழுத்துக் கொடுத்தார். கண் இன்னும் சிவந்திருந்தது.

"அண்ணன், நீங்கள் வந்தது எனக்குப் பெரிய ஆறுதல்."

அந்தக் கோயில் வளவில் அவரை யாரும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. செலஸ்ரின் கதிரையில் இருந்தார்.

"நீங்கள் முழங்காலில நிண்டதைப் பாத்தனான் சுவாமி. மனசாரச் செய்தனீங்கள். அதை நான் குறை சொல்லேல்லை."

"சொல்லுங்கோ அண்ணன். எதுவாயிருந்தாலும்."

"அதே இடத்தில நானும் நிண்டனான். சின்னப் பொடியனா. பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு அந்தச் சுவாமியிட்டக் கேட்டனான். அவர் மன்னிச்சிட்டன் எண்டார். முழுச் சனமும் பாத்தது. நீங்கள் கேட்ட மன்னிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நான் கேட்ட மன்னிப்பை எனக்குத் திருப்பித் தாங்கோ."

பெரிய சுவாமிக்கு விளங்கவில்லை. "எப்படி அண்ணன்?"

"அதே சனத்துக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்கோ. இந்தச் செலஸ்ரின் அண்டைக்குப் பொய் சொல்லேல்லை எண்டு. அவ்வளவுதான்."

மின்விசிறி சுற்றியது. வெளியே பிள்ளைகள் ஓடும் சத்தம். பெரிய சுவாமி இரண்டு கைகளையும் சேர்த்து மேசையில் வைத்தார்.

"நான் நம்புறன் அண்ணன். முழுசா நம்புறன்."

"தெரியும். இந்த அறையில நம்புறீங்கள்."

"ஒரு ஆளின்ர பேரைச் சொல்லி, ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கதைக்கிறதெண்டால்... சட்ட ஆக்களோட கதைக்காமல் நான் தனிய முடிவெடுக்க ஏலாது. மற்றது அவர் இறந்திட்டார். பதில் சொல்ல அவரில்லை."

"அவற்ற பேரைச் சொல்லத் தேவையில்லை சுவாமி. என்ர பேரைச் சொன்னாக் காணும்."

"உங்கட பேரைச் சொன்னால் அவற்ற பேரும் தானா வந்திடும்."

அது உண்மைதான் என்று செலஸ்ரினுக்குப் பட்டது. அவர் எழும்பினார். பெரிய சுவாமியும் எழும்பி, ஆசீர்வதிக்கக் கையை உயர்த்தினார். தலைக்குக் கிட்ட வந்த கையைக் கண்டதும் செலஸ்ரின் ஒரு எட்டுப் பின்னால் போனார். கை அப்படியே நின்றது. பிறகு கீழே வந்தது.

"உங்களுக்காகச் செபிப்பன் அண்ணன்."

"சரி சுவாமி."

வளவில் வேப்பமரத்துக்குக் கீழே தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய முகமும் கழுவி விட்டதுபோல இருந்தது. ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்த சனம் அப்படித்தான் இருக்கும். கதையும் சிரிப்பும் வழக்கத்தைவிட உரத்து வந்தது. இசபெல் கையில் கோப்பையோடு பெண்களுக்கு நடுவில் நின்றாள். தம்பியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

கோயில் மணி அடித்துக் கிழடாகிப்போன சவிரிமுத்து அண்ணர், பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து செலஸ்ரினின் தோளில் தட்டினார். அவருடைய கண்ணிலும் ஈரம்.

"டேய் புளுகன்! பாத்தியோ, எல்லாம் சரிவந்திட்டுது. இனி ஒழுங்கா ஞாயிறு பூசைக்கு வா."

அன்பாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள், அதுவும் அன்பாகத்தான். செலஸ்ரின் அக்காவைப் பார்த்தார். அவளுக்குக் கேட்டிருந்தது. அன்றைக்கு நடந்ததைக் கண்டவர்களில் அங்கே நின்றவர்கள் அவளும் சவிரிமுத்தும்தான். அவள் வாய் திறந்தது. பிறகு கோப்பையைப் பார்த்துக் குனிந்து, தேத்தண்ணியை ஊதத் தொடங்கினாள். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

அவர் றோல்ஸ் எடுக்காமல் வெளியே வந்தார். கடற்கரையால் நடந்து அறைக்குப் போனார். சோறு காய்ச்சவில்லை. வாசலுக்கு வந்த மான்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயின.

மறுநாள் திங்கட்கிழமை. காற்று இல்லை. செலஸ்ரின் வழக்கம்போல வந்து, படகின் தட்டைக் கழுவினார், மிதவைச் சட்டைகளை எண்ணாமலே அடுக்கினார். முத்தலிப் சம்பல் பாணோடு வந்தார்.

"என்ன புளுகர், நேத்து வெள்ளைச் சேட்டோட போனீங்களாம்? பொண்ணு பாக்கவா?"

"முத்தலிப், எனக்குப் பேர் செலஸ்ரின்."

"தெரியுமே. அதுக்கு?"

"இனி அதைச் சொல்லிக் கூப்பிடுங்கோ."

முத்தலிப் சிரித்தார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "இருபது வருஷமாக் கூப்பிடுறன். இப்பதான் சுடுதா?"

"முதல் நாளே சுட்டது."

முத்தலிப் பாணில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். செலஸ்ரின் வாங்கிச் சாப்பிட்டார்.

படகு நேரத்துக்குப் புறப்பட்டது. ஆட்கள் குறைவு. மூதூர்க்காரப் பெண் ஒருத்தி கதை சொல்லச் சொன்னாள். இன்றைக்குக் கதை இல்லை என்றார். அக்கரையில் கயிறு முதல் எறிவிலேயே விழுந்தது. திரும்பி வரும்போது முத்தலிப் மறந்துபோய் ஒரு தடவை "புளுகர்" என்றார். செலஸ்ரின் திரும்பவில்லை. "செலஸ்ரின்" என்று மறுபடியும் கூப்பிட்டார். இவர் திரும்பி, என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, பின்பக்கக் கயிறு அவிழ்ந்திருக்கிறது என்றார் முத்தலிப். செலஸ்ரின் போய் அதைக் கட்டினார்.