மெயின் சார்

விளக்கு, மின்விசிறி, ஏ.சி. என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து, வாசலில் நின்று கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்து, மெயின் சுவிட்சை டக்கென்று இறக்குவார். பிறகு சந்தேகம் வந்து, ஏற்றி, மறுபடி இறக்குவார். மரச்சாமான் கடையின் மேற்பார்வையாளர். ஊழியர்களுக்கு ‘மெயின் சார்’. “கரன்ட்ட நம்பாதப்பா, பெத்த அப்பனக்கூட விடாது அது” என்பார்.

வீட்டைப் பூட்டுவது எப்போதும் மனைவிதான். இந்த விடுமுறைக்குக் கிளம்பியபோது மட்டும், ஆட்டோவைப் பிடித்து நிறுத்த மனைவி முதலில் இறங்கிப் போய்விட்டார். சாவி சாரிடம் வந்தது. சாவி வந்ததும் கை தன் வேலையைக் காட்டிவிட்டது. ஃபிரிட்ஜுக்குள்ளோ, திரும்பி வந்ததும் பொரிக்கலாம் என்று சாரே ஆசையாக வாங்கி வைத்த மீன்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். “ஏங்க, எலி கிலி செத்துக் கெடக்கா?”

எலி இல்லை. சமையலறைத் தரையில், ஃபிரிட்ஜிலிருந்து வழிந்த நீர் பிசுபிசுவென்று கிடந்தது. சார் மெயின் சுவிட்சைப் பார்த்தார். மனைவி சாரைப் பார்த்தார்.

“காயலான் கடைக்காரனக் கூப்பிடுங்க. இனி இதுல பச்சத் தண்ணிகூட வைக்க மாட்டேன்.” அன்று முதல் பால் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் அடைக்கலம் புகுந்தது.

அது மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. கல்யாணமாகித் தொலைவுக்குப் போய்விட்டவள். அதைத் தூக்கிப்போட சாருக்கு மனசு வரவில்லை. “ஒரு கை பாத்துடறேன்” என்று சட்டையைக் கழற்றி மாட்டினார்.

தட்டுகளைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தார். கதவு ரப்பரின் மடிப்புகளைப் பழைய பல்துலக்கியால் குடைந்தார். எலுமிச்சை வைத்தார், கரி வைத்தார், காப்பித்தூள் வைத்தார். காப்பித்தூள்தான் கெட்டது. அவர் மேலேயே மீன் வாடை ஒட்டிக்கொண்டதில், கடையில் ஊழியர்கள் கொஞ்சம் தள்ளியே நின்று பேசினார்கள். மனைவிக்கே இரக்கம் வந்துவிட்டது.

“விடுங்க, போனாப் போவுது.”

“நாத்தம்தான் போவும். ஃபிரிட்ஜ் போவாது.”

ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, அதன் பின்னால் குப்புறப் படுத்தார். அடியில், மோட்டாருக்கு மேலே, வடியும் நீர் வந்து தேங்கும் ஒரு சின்னத் தட்டு. அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. மீனின் சாறு மொத்தமும் அங்கேதான் குடியிருந்தது. “அடப்பாவி, இங்கயா இருக்க!” என்றவர், ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி படுத்தார்.

மறுநாள் காலை மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பால் பாக்கெட்டுகளை வாங்கி வந்து உள்ளே அடுக்கினார்.

“கடைக்கு நேரமாகல?”

சார் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். மெயின் சுவிட்சைத் தாண்டும்போது மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார்.