நடையைப் பிடிக்க ஒரு கேமரா

சட்டைத் தொழிற்சாலையில் அவளைப் ‘பூதக்கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து வரும் சட்டைகளை விளக்குக்கு நேரே பிடித்து, பிசகிய தையலைக் கண்டுபிடித்து ஒதுக்குவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே செய்கிறாள். வீட்டுக்குப் போய் உட்காரலாம் என்ற நினைப்பில்தான் சாயங்காலம் வரை கால்கள் தாங்கும். போன வருடம் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

மாதம் ஒருமுறை அவரைப் பிசியோதெரபி அம்மாவிடம் அழைத்துப் போவாள். அங்கே இரண்டு கம்பிகளுக்கு நடுவே நல்ல பிள்ளையாக நடப்பார். வீட்டுக்கு வந்ததும் பழையபடி கால் தரையில் இழுபடும்.

“இங்க பாத்து எனக்கு ஒண்ணும் பிடிபடலம்மா. வீட்டுல அவர் எப்படி நடக்குறார்னு பாக்கணும். மாசாமாசம் ஒரு வீடியோ எடுத்துட்டு வர முடியுமா?” என்று அந்த அம்மா கேட்டார்.

வீட்டில் கைபேசி ஒன்று இருந்தது. பேசுவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. அதனால் ஒருநாள் வேலை முடிந்து நேரே கடைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வீடியோ கேமராக்கள் வரிசையாக இருந்தன. விற்பனையாளர் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“எழுநூறு மடங்கு ஜூம் மேடம். நிலாவுல இருக்குற பள்ளம்கூடத் தெரியும்.”

“எங்க கூடமே பத்தடிதாங்க.”

“அப்போ இன்னும் நல்லாத் தெரியும்” என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். எதிர்த்துக் கேட்கத் தெம்பில்லாமல் அதையே வாங்கி வந்தாள்.

அன்றே எடுத்துப் பார்த்தாள். இடது கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் கேமராவைப் பிடித்தாள்.

“நான்தான் கதாநாயகன். நல்லா எடு” என்றார் அவர், வார்த்தைகளை ஒவ்வொன்றாக இழுத்து.

“கதாநாயகன் முதல்ல என் கால மிதிக்காம நடக்கட்டும்.”

அடுத்த முறை போனபோது, பிசியோதெரபி அம்மா சின்னத் திரையில் அதைப் பொறுமையாகப் பார்த்தார். மின்விசிறி வந்தது. சுவர் வந்தது. சட்டைப் பொத்தான்கள் பெரிதாக வந்தன. மற்றதெல்லாம் புழுதி படிந்தாற்போல ஒரே மங்கல்.

“இதுல கால் எங்கம்மா இருக்கு?”

அவளுக்கு அழுகை வரவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்று இருந்தது.

மறுநாள் கேமராவை எடுத்துக்கொண்டு திரும்பவும் கடைக்குப் போனாள். இந்தமுறை பொருளை மாற்றித்தரும் மேசையில் ஒரு பெண் இருந்தாள். அவளும் காலையிலிருந்து நின்றிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா எடுக்கப் போறீங்க?” என்று கேட்டாள். போன தடவை யாரும் கேட்காத கேள்வி அது.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் எழுநூறு மடங்கை ஓரமாகத் தள்ளி வைத்தாள். “இந்த நம்பர நம்பாதீங்க. லென்ஸ் நெசமா இழுக்குறது கொஞ்சம்தான். மீதியெல்லாம் படத்தைச் சும்மா பெருசாக்கிக் காட்டுறது, புள்ளி புள்ளியா உடைஞ்சிடும். உங்களுக்குக் கிட்ட இழுக்க வேண்டிய வேலையே இல்ல. சின்ன ரூம்ல தலையிலேர்ந்து கால்வரைக்கும் விழணும், அதுக்கு அகலமான லென்ஸ் வேணும். கூடத்துல வெளிச்சம் எப்படி?”

“ஒரே ஒரு டியூப்லைட்டு.”

“அப்போ கம்மி வெளிச்சத்துலயும் எடுக்குறதா பாக்கணும்.” அவள் வேறொன்றை எடுத்துத் திறந்து, அதன் திரையை முன்பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். “நீங்க அவரைப் பிடிச்சிட்டு நடக்கும்போதே, ரெண்டு பேரும் படத்துக்குள்ள இருக்கீங்களான்னு இதுல தெரிஞ்சிடும்.”

“கை நடுங்குமே?”

“ஆட்டத்தைக் குறைக்குற வசதி எல்லாத்துலயும் இருக்குக்கா. ஆனா ஒரு ஆளைத் தாங்கிட்டு எடுத்தா எந்த வசதியாலயும் முடியாது. முக்காலி ஸ்டாண்டுல வச்சிடுங்க.”

விலையில் பெரிய வித்தியாசமில்லை. கேமராவை மாற்றி, ஒரு முக்காலியும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கூடத்தின் மூலையில் முக்காலியை நிறுத்தினாள். சமையலறை வாசலிலிருந்து தெருக்கதவு வரை அவரைப் பிடித்தபடி நடந்து, திரும்பி, மறுபடியும் நடந்தாள். தலை முதல் கால் வரை இருவரும் படத்தில் விழுந்தார்கள்.

பிசியோதெரபி அம்மா அதை மூன்றுமுறை ஓட்டிப் பார்த்தார். முதலில் கணவரின் பாதத்தைக் கவனித்தார். அப்புறம் படத்தை நிறுத்தி விரலை வைத்தார்.

“அவர் கால் ஏன் இழுபடுதுன்னு தெரியுது. முழு பாரத்தையும் உங்க மேல போட்டுட்டு வர்றார். ஆனா இத விடுங்க. உங்களப் பாருங்க.”

பார்த்தாள். திரையில் ஒருத்தி இடது தோள் இறங்கி, இடுப்பு ஒருபக்கமாக வளைந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தன் சேலையை வைத்துத்தான் அது யாரென்று அவளுக்குத் தெரிந்தது.

“எத்தன நாளா முதுகு வலிக்குது?”

“வலின்னு தனியா... தெரியலைங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரும் அதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் தட்டுத் தடுமாறிச் சொன்னார்: “என் தங்கச்சிய... வரச்சொல்லு.” யாரிடமும் உதவி கேட்கக் கூடாது என்று ஒரு வருடமாக வீம்பு பிடித்தவர் அவர்.

நாத்தனார் வாரத்தில் இரண்டு நாள் வர ஆரம்பித்தாள். பிசியோதெரபி அம்மா கணவரின் இடுப்பில் கட்டும் பட்டை ஒன்றைக் கொடுத்து, அதைப் பிடித்து அவரைத் தாங்கும் விதத்தை இரண்டு பெண்களுக்கும் காட்டிக்கொடுத்தார். களைப்பு முழுதாகப் போய்விடவில்லை. தொழிற்சாலையில் நிற்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஐந்தாம் மாத வீடியோவில் அவர் சுவரை மட்டும் தொட்டுக்கொண்டு ஆறு எட்டு எடுத்து வைத்தார்.

அடுத்த மாத வீடியோவுக்காக ஒரு ஞாயிறு மத்தியானம் கேமராவை ஓடவிட்டு, நாத்தனார் பட்டையைப் பிடித்துக்கொள்ள, அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கதவைத் தொட்டுவிட்டுப் பெருமையாகத் திரும்பினார். அவள் தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

“அண்ணியை எழுப்பவா?” என்றாள் நாத்தனார்.

“வேணாம்” என்றார் அவர். “அவ தூங்கட்டும்.”