தற்போதைய முகவரி

வருமான வரியில் கூடுதலாகப் பிடித்த பணம் இன்னும் திரும்பி வரவில்லை என்று என் பேரப்பிள்ளைகள் புலம்பும்போது நான் வாயைத் திறப்பதில்லை. ஏன் தாமதம், யாரைக் கேட்பது, வீடு மாறிவிட்டால் என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளையெல்லாம் இங்கே வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்திலேயே கேட்டு முடித்தவள் நான். பதிலும் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் கோலா சிலாங்கூர் பக்கம், அசாம் ஜாவாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி. ஆபீஸ் கணக்கு முழுவதும் அவர் கையில்தான். வருமான வரி என்பதே நாட்டுக்குப் புதிதாக வந்த நேரம் அது. அவருக்கு வரி போட்டவர்கள், மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் உண்டான வரிக்கழிவைச் சேர்க்கவில்லை.

"பாத்தியா, கவர்மெண்டு கணக்குல நான் இன்னும் மாப்பிள்ளைப் பையன்தான்" என்று என்னைச் சீண்டிக்கொண்டே, கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி மனு எழுதி அனுப்பினார். எனக்கு அப்போது அவ்வளவு கோபம். இரண்டு பிரசவம் பார்த்த உடம்பு எனக்கு, கணக்கில் நான் இல்லையாம்!

மனு போன சில வாரத்தில் லோரிகளில் பட்டாளம் வந்தது. எங்களையெல்லாம் திடலில் நிற்க வைத்தார்கள். தொழிலாளர் சங்கத்தைத் தடை செய்வதற்கு முன்னால், வேலைக்காரர்களுக்காக அதன் கடிதங்களை எழுதிக் கொடுத்தது என் வீட்டுக்காரர். அவரைப் பிடித்துக்கொண்டு போக அது போதுமாயிருந்தது. லோரியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "வரி ஆபீஸ் கடுதாசி வந்தா பத்திரமா வை" என்றார். மாதாவே, போகிற மனுஷன் வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா! நானும்தான் என்ன சொன்னேன்? "சரி" என்றேன்.

கிராணி வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலைக்காரர்கள் குடியிருந்த லயத்தில் ஒரு அறை கிடைத்தது. கொஞ்ச நாளில் அந்த லயத்தையும் பிரித்துப்போட்டு, எல்லாரையும் ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் முள்வேலிக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். இருட்டினால் கேட்டு மூடிவிடும். நான் தையல் மெஷினை மிதித்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினேன். கோலா சிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன். "விசாரணையில் இருக்கிறார்" என்பார்கள். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. முதலில் அழுதேன். அப்புறம் அழுகையும் வரவில்லை. சோறு உப்பாக இருக்கிறதா, சப்பென்று இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் தின்றேன்.

அப்போதுதான் அந்தக் கடுதாசி வந்தது. பழைய வீட்டு முகவரிக்கு வந்ததைத் தோட்டத்துத் தபால்காரர் என்னைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். மனு பரிசீலனையில் இருக்கிறது, பொறுத்திருக்கவும் என்று வரி ஆபீசிலிருந்து எழுதியிருந்தார்கள். தொடக்கத்தில், மரியாதையாக, 'ஐயா' என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆளைத் தூக்கிக்கொண்டு போனதும் அதே அரசாங்கம், 'ஐயா' போடுவதும் அதே அரசாங்கம்.

சிரித்து முடித்த பிறகு ஒன்று தோன்றியது. கிராணி பெண்டாட்டி கேட்டால் போலீஸ் பதில் சொல்லாது. ஆனால் வரி ஆபீஸ் கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்? பணம் கொடுக்க வேண்டுமென்றால் ஆள் எங்கே என்று அவர்கள் தேடித்தானே தீர வேண்டும்?

பஸ் பிடித்துக் கோலாலம்பூருக்குப் போனேன். வரி ஆபீசில் உட்கார்ந்திருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், வயது குறைந்தவர், கண்ணாடி போட்டவர். அச்சடித்த பாரம் ஒன்றை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினார். ஒரு இடத்தில் பேனா நின்றது.

"தற்போதைய முகவரி? உங்கட மனுசன் இப்ப எங்க இருக்கிறார்?"

"அத நீங்கதான் சொல்லணும். கொண்டுபோனது நீங்கதானே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விளங்குது. போலீசுக்கு எழுதிக் கேக்கிறன், அம்மா. ஆள் எங்க எண்டு தெரியாமல் காசு விட ஏலாது."

நான் எதிர்பார்த்த வார்த்தை அதுதான். வெளியே வந்ததும், பல மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது. ஒட்டுக்கடையில் நின்றுகொண்டே இரண்டு வடை தின்றேன்.

அதன் பிறகு தையல்கூலி சேரும்போதெல்லாம் கோலாலம்பூர் போனேன். குழாயடியில் பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். "புருஷன் போன எடம் தெரியல, இவளுக்கு வரிக்காசு கேக்குது பாரு!" எனக்குச் சுருக்கென்றுகூட இல்லை. பேசிவிட்டுப் போகட்டும்.

உண்மை தெரிந்தவன் கேட்டில் காவல் நின்ற ஜாகா ஒருவன்தான். வேலிக்கு வெளியே போகிறவர்கள் காட்டில் மறைந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட காட்டுக்காரர்களுக்கு அரிசி கொண்டுபோகிறார்களா என்று பையைக் கிளறிப் பார்ப்பது அவன் வேலை. வாய் ஓயாத தமிழ்ப் பையன். ஒரு நாள், எதற்கு இந்த அலைச்சல் என்று அவன் நச்சரிக்க, சொல்லித் தொலைத்தேன்.

"அட, நல்ல மூளை அக்கா ஒங்களுக்கு! அப்ப காசு வந்தா அண்ணனும் கெடச்ச மாதிரிதான்லா!"

அன்றிலிருந்து நான் திரும்பி வரும்போதெல்லாம் கேட்டில் ஒரே கேள்விதான். "என்னக்கா, காசு வந்துருச்சா?" இல்லை என்று தலையை ஆட்டுவேன். "தாமதமாவுதுன்னா தேடுறாங்கன்னு அர்த்தம்லா" என்பான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படியே வருஷம் திரும்பிவிட்டது. ஒரு நாள் போனபோது, யாழ்ப்பாணத்துக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்கட மனுசன்ட காசு முழுக்கக் குடுத்தாச்சு, அம்மா! முகாமிலயே அவரிட்டக் கையெழுத்து வாங்கிக் குடுத்திட்டினம்."

"எந்த முகாம்? இப்ப எங்க இருக்காரு?"

அவர் சிரிப்பு குறைந்தது. "உங்களுக்கு அறிவிக்கேல்லையோ? அவரை இந்தியாவுக்கு அனுப்பிப்போட்டினம். போன கிழமை கப்பல் வெளிக்கிட்டிட்டுது."

நான் கேட்காமலே அவர் தொடர்ந்தார். "நாட்டை விட்டுப் போற ஆக்களின்ட வரிக்கணக்கை உடன முடிக்க வேணும் எண்டு சொல்லுறவை. அதாலதான் இவ்வளவு கெதியா முடிஞ்சது."

ஒரு வருஷமாக ஏன் தாமதம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் வேகமாக முடிந்தது என்பதற்கு அவராகவே பதில் சொல்லிவிட்டார். போலீஸ் எனக்கு அனுப்பிய அறிவிப்பு பழைய கிராணி வீட்டுக்குப் போயிருக்கும் என்றார். அந்த வீட்டில் அப்போது ஆளே இல்லை, சுற்றிலும் லாலாங் புல்தான். தபால்காரரும் மாறிப் போயிருந்தார்.

"முகவரி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கோப்பைப் புரட்டி வாசித்தார். "நாகப்பட்டினம் துறைமுகம், இந்தியா. அவ்வளவுதான் இருக்கு."

"அவரு கைப்புள்ளையா இந்த நாட்டுக்கு வந்தவரு, தம்பி. அங்க அவருக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், நல்ல மனுஷன். வேறு யாராவது இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். மனதில் ஒன்றும் ஓடவில்லை. இளைய பிள்ளைக்கு ஒரு சட்டை வெட்டிப்போட்டது பாதியில் கிடக்கிறது என்பது மட்டும் ஞாபகம் வந்தது. பிற்பாடு அவரிடமிருந்து கடிதம் வரவே வெகுநாள் ஆயிற்று. நான் கப்பல் காசு சேர்ப்பதற்குள் கடிதமும் நின்றுவிட்டது. அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

கேட்டு மூடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஜாகா பையன் தூரத்திலேயே பார்த்துவிட்டான்.

"என்னக்கா, காசு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"நான் சொல்லல!" துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். "அப்ப அண்ணன் எப்பக்கா வர்றாரு?"

நான் பையைத் திறந்து அவன் முன்னால் நீட்டினேன்.

"பாத்துட்டு விடு, தம்பி. புள்ளைங்க ரெண்டும் சாப்பிடாம இருக்கும்."