பந்தியிலிருந்து எழுப்பியது

கோபக்காரன் என்று எனக்கு ஊரில் பெயர். நாயனத்தைக் கையில் எடுத்தால் குழைவான், கீழே வைத்தால் கடிப்பான் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

காரைக்குடியில் எங்கள் குடும்பத்துக்குக் கோயில் மேளம் முறை. காலையிலும் மாலையிலும் பூஜைக்கு வாசிக்க வேண்டும். நான் நாயனம், என் மனைவியின் தம்பி தவில். கல்யாணம், காதுகுத்து என்று செட்டியார் வீடுகளிலும் வாசிப்போம். அங்கே தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டுதான் வாசலில் நிற்க வேண்டும். என் அப்பா நின்றார், நானும் நின்றேன். அப்போதெல்லாம் அதை ஒரு குறையாக நினைத்ததுகூட இல்லை. மழை பெய்தால் நனைவதுபோல அதுவும் ஒன்று.

உப்புக் காய்ச்சிச் சிறை போனார்களே, அந்தக் காலத்தையொட்டி எங்கள் பக்கத்திலும் கதர் பரவியது. கோட்டையூரில் ஒரு பெரிய செட்டியார் வீட்டு மகன் ரங்கூனிலிருந்து திரும்பியதும் பட்டு வேட்டியை விட்டுவிட்டுக் கதர் கட்டினார். நல்ல பிள்ளை, என்னை 'அண்ணே' என்று கூப்பிட்ட முதல் செட்டியார் அவர்தான். சென்னையிலிருந்து ஒரு தலைவர் வருகிறார், ஊர் எல்லையிலிருந்து மேளத்தோடு அழைத்து வர வேண்டும் என்று எங்கள் வீடு தேடி வந்தார்.

"துண்டு தோள்லயே இருக்கட்டும்ணே. இது தேசத்துக் காரியம். அன்னைக்கு எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே பந்திதான். நீங்களும் ஒக்காந்து சாப்பிடுறீக" என்றார்.

நான் அவரை நம்பினேன். அன்று நான் வாசித்த மோகனத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே வெயில் காய்ந்த தெருவில், தோளில் துண்டோடு, நிமிர்ந்து வாசித்துக்கொண்டு போனேன். மச்சினன் தவிலில் பொறி பறந்தது. தலைவர் காரை விட்டு இறங்கி எங்களுக்குப் பின்னால் நடந்தே வந்தார். மாடியில் நின்று பார்த்த ஆச்சிமார்கள் பூ எறிந்தார்கள்.

வீட்டு முகப்பில் நின்று தலைவர் பேசினார். ரயிலில் முதல் வகுப்புக்குச் சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தாராம். ஒரு வெள்ளைக்காரன் ஏறி, இவரோடு ஒரே பெட்டியில் வரமாட்டேன் என்றானாம். ரயில்வேக்காரர்கள் வந்து இவரைக் கீழே இறக்கிவிட்டார்களாம். "என் நாட்டில், என் பணத்தில் வாங்கிய இடத்திலிருந்து என்னை எழுப்பினான்!" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கூட்டம் கொதித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வெள்ளைக்காரன் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் நாயனத்தாலேயே அடித்திருப்பேன்.

மதியம் வீட்டின் உள்முற்றமான வளவில் இலை போட்டார்கள். தேக்குத் தூண்களுக்கு நடுவே நீண்ட பந்தி. கதர்ச் செட்டியார் என்னையும் மச்சினனையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார். எதிர் வரிசையில் தலைவர். இலையில் சோறு விழுந்துவிட்டது, பருப்பும் நெய்யும் விழுந்துவிட்டன. சோற்றைப் பிசைந்தேன். அப்போது உள்ளேயிருந்து பெரிய செட்டியார், அந்தப் பிள்ளை 'அப்பச்சி' என்று கூப்பிடும் அவருடைய அப்பா, வந்தார். பந்தியை ஒரு பார்வை பார்த்தார். சமையல்காரர் காதில் ஏதோ சொன்னார்.

சமையல்காரர் குனிந்து, என் கைக்கு அடியிலிருந்து இலையைச் சோற்றோடு மடித்து எடுத்தார். மச்சினன் இலையையும் எடுத்தார்.

"மேளகாரவுகளுக்குப் பின்கட்டுல போட்டிருக்கு. அங்குட்டுப் போயி ஒக்காருங்க" என்றார் பெரிய செட்டியார். சத்தம் போடவில்லை. பாத்திரத்தை இடம் மாற்றி வைக்கச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் கதர்ச் செட்டியாரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அப்பச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணே... இன்னைக்கு மட்டும் கொஞ்சம் அங்குட்டு..." என்றார்.

தலைவரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் பார்த்ததும் குனிந்து, சோற்றில் சாம்பாருக்குப் பாத்தி கட்டினார்.

கையில் ஒட்டிய சோற்றோடு எழுந்து நின்றேன். மச்சினன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். நான் கேட்டுவிட்டேன்: "ஐயா, ரயில்ல ஒங்களை எழுப்பிவிட்டான்னு சொன்னீகளே, நான் அழுதேன். இப்ப என்னைய எழுப்புறாக. நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு பொறுமையாக, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோலச் சொன்னார்: "தம்பி, இது வீட்டுக்குள் இருக்கிற விஷயம். முதலில் சுயராஜ்யம் வரட்டும். மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

"அப்ப அது வந்தப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நாயனத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சாயங்காலக் கூட்டத்துக்கு வாசிக்கவில்லை.

சில நாள் கழித்துக் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நியாயம் கேட்கிறார்களாம். நடுவில் உட்கார்ந்திருந்தவர் பெரிய செட்டியாரின் பங்காளி. சுற்றிலும் கோயில் காரியக்காரர்கள். நானும் மச்சினனும் கைகட்டி நின்றோம்.

"வீடு தேடி வந்த பெரிய மனுசரைப் பந்தியில வச்சுக் கேள்வி கேட்டியாமே?"

"கேட்டேன்."

"எதுக்குடா கேட்டே?"

"இலையை எடுத்தாக. அதுக்குத்தான்."

"இலையைப் பத்தி இங்க பேச்சு இல்ல. கேள்வி கேட்டதைப் பத்தித்தான் பேச்சு."

அந்த மண்டபத்தில் எத்தனையோ வருஷம் வாசித்திருக்கிறேன். கல்யாணியை விரிக்கும்போது இதே ஆட்கள் கண்ணை மூடித் தலையை ஆட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம், இந்தச் சங்கீதம் உள்ளே போய் இவர்களை ஏதாவது செய்யும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. காதோடு நின்றுவிட்டது. அன்று எனக்குப் பெரிய செட்டியார் மேல் வந்த கோபத்தைவிட ராகத்தின் மேல் வந்த கோபம் அதிகம்.

பெரிய செட்டியார் வீட்டு வாசலில் இருவரும் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கோயில் முறை போய்விடும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன். மச்சினன் விழுந்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய் விழுந்தான். அவனுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள்.

வீட்டுக்கு வந்து நான் கத்தியதில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. என் தவில்காரன் முதுகெலும்பு இல்லாதவன் என்றேன், இனி அவன் இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்றேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இலையை எடுத்தது யாரு? அந்தாளு மேல காட்ட முடியாத கோவத்தை என் தம்பி மேல காட்டுறீக. நீங்க விழாம வந்தது எனக்குப் பெருமைதான். அவன் விழுந்ததுல எனக்குக் கேவலம் ஒண்ணுமில்ல. அவன் புள்ளைக பசிக்கு விழுந்தான்" என்றாள்.

அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. தெரிந்தும் கோபம் போகவில்லை.

கோயிலும் செட்டியார் வீடுகளும் போனபின் கிராமங்களுக்குப் போக ஆரம்பித்தேன். காளையார்கோவில் பக்கம் ஒரு சம்சாரி வீட்டுக் கல்யாணம். நிறைய நிலபுலன் உள்ள குடும்பம். அந்தப் பக்கத்துத் தவில்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு வாசித்தேன். வீட்டுப் பெரியவருக்கு என் கதை தெரிந்திருந்தது. "இங்கிட்டெல்லாம் அப்படிக் கெடையாது. என் பக்கத்துல ஒக்காரப்பா" என்று பந்தியில் தன் பக்கத்தில் இலை போடச் சொன்னார். மனசு நிறைந்துதான் உட்கார்ந்தேன்.

அப்போது பந்தலுக்கு வெளியே பார்த்தேன். காலையிலிருந்து பறை அடித்து மாப்பிள்ளையை அழைத்து வந்தவர்கள் புளியமரத்தடியில் வெயில் பக்கமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பந்தியெல்லாம் முடிந்தபின் மிச்சத்தை அவர்களுக்குக் கொடுப்பார்களாம்.

"அவுகளும் வாசிச்சவுகதானே?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "அவுக வேற, நீ வேற. சாப்பிடு."

எழுந்தேன். இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். எனக்கு என்னவோ பெரிய நியாயம் செய்யப் போவதாக எண்ணம். அங்கே இருந்தவர்கள் பதறி எழுந்துவிட்டார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் கும்பிட்டார்.

"ஐயா, வேண்டாமுய்யா. நீங்க சாப்பிட்டுட்டு ஊருக்குப் போயிருவீக. நாளைக்கு எங்களைத்தான் கட்டிவச்சு அடிப்பாக. அங்குட்டுப் போயிருங்கய்யா" என்றார். கண்ணில் தண்ணீர்.

பந்தலுக்கும் மரத்துக்கும் நடுவே இலையோடு நின்றேன். ஒரு பக்கம் பெரியவர் கோபத்தோடு எழுந்து நின்றார். இன்னொரு பக்கம் அந்த மனிதர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. சாப்பிடாமலே ஊர் திரும்பினேன். வழியெல்லாம் எனக்கு அழுகையும் ஆத்திரமும். என் இலையை எடுத்தபோது எனக்கு 'ஏன்' என்று கேட்கவாவது வாய் இருந்தது. கேட்டதால் கோயில் முறைதான் போனது. அந்த மனிதர் கேட்டால் உயிரே போய்விடும். இதில் நான் எந்த நியாயத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்?

கதர்ச் செட்டியார் ஏதோ மறியலில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். வெளியே வந்ததும் என் வீட்டுக்குத்தான் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். என் மனைவி கொடுத்த மோரை, தூக்கிக் குடிக்காமல், வாய் வைத்துக் குடித்தார்.

"அண்ணே, வரவேற்பு வைக்கிறாக. நீங்க வாசிச்சாத்தான் எனக்கு நிறைவு" என்றார்.

"செயில்ல யாரு பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்டீக?"

"எல்லாரோடயும்தான். வரிசையா ஒக்கார வச்சுக் களி போடுவாக. அங்க என்ன சாதி?"

"வெள்ளைக்காரன் சொன்னான், எல்லாரோடயும் ஒக்காந்தீக. ஒங்க வீட்டு வளவுல நீங்க சொல்லி ஒருத்தரை ஒக்கார வைக்க முடியலையே."

அவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "அப்பச்சி இருக்குற வரைக்கும் முடியாதுண்ணே" என்றார். பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவரை இன்னும் வெறுக்க முடியவில்லை.

"அப்ப வேற மேளம் பாருங்க" என்றேன்.

வரவேற்புக்கு மதுரையிலிருந்து பேண்டு வந்தது. அந்தச் சத்தம் எங்கள் ஊர்ப் பெரிய தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது என் வாசலில் தவிலோடு மச்சினன் நின்றான். பேண்டோடு சேர்ந்து நடக்க அவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

"என்ன அத்தான், வரலாமா?"

நான் விலகி வழி விட்டேன். மனைவி பாயை விரித்தாள். அவன் உட்கார்ந்து விரலில் கூடு மாட்டினான். நான் நாயனத்தின் நுனியிலிருக்கும் சீவாளியை வாயில் ஈரப்படுத்திக்கொண்டு ஊத ஆரம்பித்தேன். வாசித்ததில் குழைவே இல்லை. ஓட்டமும் வெட்டுமாக, சண்டைக்குப் போவதுபோல வாசித்தேன். அவனும் விடாமல் அடித்தான். வெளியே பேண்டு ஓய்ந்து கோஷம் போட்டார்கள், அதுவும் ஓய்ந்தது. நாங்கள் நிறுத்தவில்லை.