ஏணிச் சட்டத்தின் கோணல்

ஆர்மெல் வயொலெட்டை எங்கள் ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. சுவர் மட்டம் பார்க்கிற கொத்தனார் கருவியின் பெயர், ‘ரசமட்டம்’, அதைச் சொன்னால்தான் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புகைபோக்கி சுத்தம் செய்கிறவனுக்கு அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு கோயிலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பாதிரியார் பிரசங்கத்தில் இருப்பார். இவன் பாட்டுக்கு எழுந்து போய், சுவரில் அரை விரற்கடை சாய்ந்திருக்கும் சிலுவைப்பாதைப் படத்தை நேராக்கிவிட்டு வந்து உட்காருவான். சொந்தச் சித்தப்பாவின் சவப்பெட்டி மேல் கிடந்த மலர்வளையத்தையும் இப்படித்தான் நகர்த்தி வைத்தான். சித்தி அதை இன்னும் மறக்கவில்லை.

அறுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து வருடமாகக் கூரை ஏறுகிறான். ஆற்றுக்கு அக்கரை கனடா, இக்கரை அமெரிக்காவில் நாங்கள். விறகு அடுப்பு இல்லாத வீடு இங்கே கிடையாது. குளிர் பிடிப்பதற்குள் புகைபோக்கியில் படிந்த கரியைச் சுரண்டாவிட்டால், ஜனவரியில் அது உள்ளேயே தீப்பிடித்து வீட்டைக் கொண்டுபோய்விடும். அதனால் உருளைக்கிழங்குக்காரர்களுக்கு எப்படியோ அப்படித்தான் இவனுக்கும், செப்டம்பரும் அக்டோபரும் வந்தால் சாப்பிட நேரமிருக்காது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கூரையிலிருந்து விழுந்ததில்லை. ‘தப்பு என்னுடையது’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதும் இல்லை. இரண்டும் ஊருக்குத் தெரியும்.

அந்த ஆகஸ்டில் அவனுடைய பழைய பிக்கப் வண்டி தகுதிச் சோதனையில் விழுந்தது. பனி உருகுவதற்காக ரோட்டில் கொட்டுகிற உப்பு அடிச்சட்டத்தைத் தின்று தீர்த்திருந்தது. அடுத்து வாங்கிய வண்டி நல்ல வண்டிதான். ஆனால் பின்தொட்டிக்கு மேல் வெள்ளை ஃபைபர் மூடியோடு வந்தது. கீழே வைக்கிற சாமான் நனையாது, சரி. மூன்று ஏணியை எங்கே வைப்பது? ஃபைபர் மூடி முட்டை ஓடு மாதிரி. அதில் துளை போட்டு ஏணியை ஏற்றினால் முதல் பள்ளத்திலேயே விரிசல் விடும். கடையில் விற்கிற ஏணிச் சட்டங்களைப் போய்ப் பார்த்துவிட்டு, “இதுல கோழிகூட நம்பி உக்காராது” என்று திரும்பி வந்தான். தானே கட்டுவது என்று முடிவானது. எடை மூடியின் மேல் இறங்கக் கூடாது. இருபுறமும் கால்கள் கீழிறங்கி வண்டித் தொட்டியின் இரும்பு விளிம்பில் நிற்க வேண்டும். மேலே நீளவாக்கில் இரண்டு சதுரக் குழாய், குறுக்கே மூன்று. யோசனையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அவன் மனைவி ரினெட் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் மற்றதும் ஒழுங்காக நடந்திருக்கும். அவள் மகளின் பிரசவத்துக்காகக் கனெக்டிகட் போயிருந்தாள். ஆறு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனவள்.

செப்டம்பர் ஆறாம் தேதி ரொசேரின் இரும்புக் கடையிலிருந்து குழாய்களை வாங்கி வந்தான். ரொசேர் யாரோ எவரோ இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, ஆர்மெலின் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். நீளமான எதையும் ஆர்மெல் கண்ணால்தான் சோதிப்பான். ஒரு முனையைக் கன்னத்தோடு ஒட்டிவைத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் மறுமுனை வரை பார்வையை ஓட்டுவான். அப்படிப் பார்த்தபோது முதல் குழாய் நடுவில் தொய்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மறுநாளே திருப்பி எடுத்துக்கொண்டு போனான்.

“என்னடா ரொசேர், வில்லு செஞ்சு விக்க ஆரம்பிச்சிட்டியா?”

ரொசேர் குழாயை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். “நேராத்தான இருக்கு.”

“நேரா? இது நேருன்னா நான் போப்பாண்டவர்.”

“அப்ப உன் மோதிரத்த நீட்டு, முத்தம் குடுக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே வேறு இரண்டை எடுத்துக் கொடுத்தான் ரொசேர். 

அவையும் நடுவில் தொய்ந்திருந்தன. நாலு நாள் கழித்து மறுபடி போனான். இந்தத் தடவை ரொசேர் சிரிக்கவில்லை. குழாயை ஒரு கண்ணால் பார்த்தான், ஆர்மெலையும் ஒரு மாதிரி பார்த்தான், பேசாமல் மாற்றிக் கொடுத்தான். அதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஆர்மெல் எரிமலையாக வந்து இறங்கினான். அறுவடை இயந்திரத்துக்குச் சங்கிலி வாங்க வந்த ஏழெட்டுக் கிழங்கு விவசாயிகள் கடையில் நின்றிருந்தார்கள்.

“கோணல் சரக்கையெல்லாம் எனக்குன்னு எடுத்து வச்சிருக்கியாடா? கூடப் பொறந்தவன் மாதிரி பழகினவன ஏமாத்தறது சுலபம், இல்ல? திருட்டுப் பய!”

ரொசேரின் முகம் காது வரை சிவந்தது. “எடுத்துட்டுப் போறதுன்னா போ. வச்சிட்டுப் போறதுன்னா வச்சிட்டுப் போ. இனிமே இந்தப் படி ஏறாத.”

ஆர்மெல் எடுத்துக்கொண்டே போனான். அறுபது மைலுக்கு வேறு இரும்புக் கடை இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கதையும் அப்படித்தான் என்று அன்றைக்குக் கடையில் நின்றவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் ஆடத் தெரிந்தவனுக்குக் கூடம் கோணலாகத் தெரிந்தால் என்ன அர்த்தம் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவனே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, அதுதான் பெரிய கொடுமை. அறிகுறி இல்லாமல் இல்லை. பத்திரிகை எழுத்து கொஞ்ச நாளாகவே நீந்தியது. மருந்துக் கடையில் புது மூக்குக்கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டான். கொட்டகையின் பலகைச் சுவர் ஒரு நாள் வயிறு தள்ளியது. போன குளிரில் தரை உறைந்து தூக்கிவிட்டது என்று தீர்மானித்தான். ஒரு காலை முகம் துடைக்கும்போது, துண்டு இடது கண்ணை மறைத்திருந்த நேரத்தில், முகம் பார்க்கும் கண்ணாடியில் தன் மூக்கு மெழுகாக இளகி ஒரு பக்கம் ஒழுகுவதைப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்தான். பிறகு வலது கண்ணால் மட்டும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

பயம்தான். அவன் அப்பா கடைசி ஒன்பது வருடம் கண் தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிறவர்களைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தவர். பெற்ற மகனைப் பக்கத்து வீட்டுக்காரன் என்று நினைத்து, “என் பையன் ஆர்மெல் எங்க, இன்னும் கூரையிலேயா இருக்கான்?” என்று அவனிடமே விசாரித்தவர். அந்த நாற்காலி தனக்கும் காத்திருக்கிறது என்று நினைக்க எந்த மனிதனுக்குத் தைரியம் வரும்? அதைவிட ரொசேரைத் திருடன் என்று நம்புவது எளிதாக இருந்தது.

ஆக, குழாயை நேராக்கும் வேலையில் இறங்கினான். இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே அதை மாட்டி, பழுக்கக் காய்ச்சி, வண்டியின் ஜாக்கியை வைத்து அழுத்தினான். கன்னத்தில் வைத்துப் பார்ப்பான், மறுபடி அழுத்துவான். மூன்று நாள் பட்ட பாட்டில் இரண்டு குழாயும் அவன் வலது கண்ணுக்கு நேராயின. கால்களை வெல்டு வைத்து, விளிம்பில் ரப்பர் கொடுத்து, போல்ட்டுப் போட்டு முறுக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்தான். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஏதோ இடறியது, ஆனால் முப்பத்தைந்து வருடமாக அவன் நம்பியது வலது கண்ணைத்தான். ஏணிகளை ஏற்றிக் கட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

ஊர் பார்த்தது. வண்டி கிழக்கே போனது, ஏணி வடகிழக்கே போனது. பெட்ரோல் பங்கில் ஒருவன், “ஏணிய எந்தப் பக்கம் திருப்பப் போறான், கைய காட்டச் சொல்லுங்கடா” என்றான். ரினெட் இல்லாததால் ரசமட்டம் தண்ணி போட ஆரம்பித்துவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. நாங்களும் சிரித்தோம், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. நேரில் சொல்ல யாரும் துணியவில்லை. சொன்னால் கடித்துக் குதறிவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். கிழங்கு அறுவடை முடியும் வரை அவன் தினம் மூன்று நாலு கூரை ஏறினான். ஒரு தடவை கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்து வெறும் காற்றில் கால் வைத்தான். புகைபோக்கியைக் கட்டிப்பிடித்துத் தப்பினான். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் பதினைந்தாம் தேதி ரினெட் வந்தாள். மருமகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அவள் கண் வண்டியின் மேல் விழுந்தது.

“எவன் இடிச்சான்?”

“எத?”

“இந்தச் சட்டத்ததான். மாட்டோட பின்னங்கால் மாதிரி வளைஞ்சு கெடக்கே.” சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். “ஆர்மெல், நீயா கட்டின இத?”

“உனக்குத்தான் கண்ணு கோணல். ஆறு வாரமா பேத்தி தொட்டில எட்டிப் பார்த்துப் பார்த்து கழுத்தும் கோணிப்போச்சு.”

“கழுத்து கெடக்கட்டும். நூல் பிடிச்சுப் பாரு.”

“பிடிக்கறேன். பிடிச்சிட்டு உன் வாயைத் தைக்கறேன்.”

அவளைத் தோற்கடிக்கத்தான் நூலை எடுத்து வந்தான். குழாயின் ஒரு முனையில் கட்டி, மறுமுனைக்கு இழுத்துச் சுண்டிவிட்டான். நூல் விண்ணென்று நின்றது. வண்டியின் பின்னால் ஏறி, குனிந்து, இடது கண்ணை மூடினான்.

நூல் வளைந்திருந்தது.

குழாய் நேராக இருந்தது, இழுத்துக் கட்டிய நூல் நடுவில் வளைந்து தொங்கியது. இன்னும் இழுத்தான். விரல் வெளுக்க இழுத்தான். உலகத்தில் எதை வேண்டுமானாலும் கோணல் என்று சொல்லலாம், விறைத்து நிற்கிற நூலைச் சொல்ல முடியாது. அது அவனைவிட யாருக்குத் தெரியும்? மெல்ல இடது கண்ணைத் திறந்து வலது கண்ணை மூடினான். நூல் நேராக நின்றது. அதன் கீழே அவன் மூன்று நாள் பாடுபட்டு வளைத்த குழாய், ரினெட் சொன்னபடியே, மாட்டின் பின்னங்காலாகக் கிடந்தது.

“ஆர்மெல்?” என்றாள் ரினெட். “என்ன ஆச்சு? எறங்கி வா.”

அவன் இறங்கவில்லை. “ரினெட், இந்த நூல் நேராத்தான இருக்கு?” என்று கேட்டான். கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் அவன் அவளிடம் நேர், கோணல் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவள் அடுக்கடுக்காகப் பிளாய் என்கிற எங்கள் ஊர்த் தோசை சுட்டு வெண்ணெய் தடவி வைத்தாள். இருவரும் ஒன்றுகூடத் தொடவில்லை.

மறுநாள் சாவியை அவள்தான் எடுத்தாள். பாங்கோர் நகரத்துக் கண் மருத்துவரிடம் போக மூன்றரை மணி நேரம். மகள் வயதுப் பெண் அந்த மருத்துவர். கண்ணின் பின்சுவரில், பார்வையின் நட்டநடுவில், ரத்தம் கசிந்து தழும்பு கட்டியிருக்கிறது என்றாள்.

“நேர்க்கோடு வளைஞ்சு தெரிய ஆரம்பிச்சது எப்பன்னு ஞாபகம் இருக்கா? சும்மா ஒரு உத்தேசமா சொல்லுங்க போதும்.”

“செப்டம்பர் ஆறு” என்றான் ஆர்மெல்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “அப்பவே, ஒரு ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தீங்கன்னா நெறைய காப்பாத்தியிருக்கலாம். இனிமே ஊசி போட்டு மிச்சத்ததான் பிடிச்சு வைக்க முடியும். நடுப்பார்வை திரும்பாது.” இடது கண் நன்றாக இருக்கிறது, அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், வண்டி ஓட்டலாம், ஆனால் ஏணி ஏறக் கூடாது என்றாள். தூரம் கணக்கிட ஒரு கண் போதாதாம். முதல் ஊசியைக் கண்ணுக்குள்ளேயே போட்டாள். அழுதது ரினெட்தான்.

அடுத்த சனிக்கிழமை ஆர்மெல் ரொசேரின் கடைக்கு நடந்தே போனான். என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்து வைத்திருந்தான். ‘உன் சரக்கு நல்ல சரக்கு. அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்னது தப்பு.’ இவ்வளவுதான், ஆனால் வாய்க்குப் பழக்கமில்லாத வார்த்தைகள். கடையில் ஆள் இல்லை. ரொசேர் ஆணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். கண் விஷயம் அவன் காதுக்கு வந்திருந்தது. எழுந்து நின்றான். ஆர்மெல் தொண்டையைச் செருமுவதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“ரெண்டாவது தடவ நீ வந்தப்பவே எனக்குத் தெரியும்டா.”

“என்ன தெரியும்?”

“குழாய்ல ஒண்ணுமில்ல, உன் கண்ணுலதான் என்னமோன்னு. உங்கப்பா வாசப்படி கோணல்னு தச்சன்கிட்ட சண்ட போட்டாரே, அது ஞாபகம் வந்துச்சு. ஞாயித்துக்கெழம கோயில் விட்டதும் தனியாக் கூப்ட்டு சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ வந்து அத்தனை பேர் முன்னாடி திருடன்னு சொன்ன. போடா, கோணலாவே கட்டு, ஊரு சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.” கையிலிருந்த ஆணிகளைப் பெட்டியில் போட்டான். “கண்ணு போயிடும்னு சத்தியமா நெனைக்கலடா.”

ஆர்மெல் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. ஐந்து வாரம்! இவனுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது.

“திருடன்னு சொன்னா என்னடா? நீ திருப்பிக் கத்தியிருக்கலாமே! உனக்குக் கண்ணு போவுதுடா குருட்டுப் பயலேன்னு அத்தனை பேர் முன்னாடியும் கத்தியிருக்கலாமே!”

“கத்தியிருந்தா கேட்டிருப்பியா?”

ஆர்மெல் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அன்றைக்குக் கடையில் நின்ற தன்னையே நினைத்துப் பார்த்தான். அந்த ஆளிடம் போய் யார் என்ன சொல்லியிருந்தாலும், ரொசேர் இல்லை, ரினெட்டே வந்து சொல்லியிருந்தாலும், குழாயைத் தூக்கி அடித்துவிட்டுத்தான் போயிருப்பான்.

“மாட்டேன்” என்றான்.

இருவரும் ஆணிப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் அப்படியே நின்றார்கள்.