பச்சை மைக்கு அடியில் பென்சில்

ஏலிக்குட்டி சேச்சிக்குப் பேனா ஆகாது. கோட்டயத்தில் எங்கள் அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தியவர். அத்தனை வருஷத்தில் அடுத்தவர் எழுதிய தாளில் அவர் ஒரு சொட்டு மை வைத்து நான் பார்த்ததில்லை. எல்லாம் பென்சில்தான்.

"எழுதினது அவங்க. நான் கேக்கறவ மட்டும்தான். கேக்கறதுக்கு எதுக்குடா மை?" என்பார்.

கேட்கிறவர் என்பதெல்லாம் பேச்சுக்கு. அவர் பென்சிலை அழுத்துகிற அழுத்தில் தாளின் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். நாளைக்கு நாலு தடவை முனை உடையும். உடைந்தால் என்னைத் திட்டுவார். நான் பைலி, அச்சுக் கோக்கிறவன். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்ததைத் தவிர அந்த விஷயத்தில் நான் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

அவர் வகுத்து வைத்த முறை இது. வேண்டாம் என்று தோன்றும் வரிமேல் பென்சில் கோடு. சந்தேகமிருந்தால் ஓரத்தில் ஒரு கேள்வி, அதைச் சுற்றி வட்டம். பிரதி எழுதியவர் வீட்டுக்குத் திரும்பிப் போகும். அவருக்குச் சம்மதமென்றால் பென்சில் கோட்டின் மேலேயே பச்சை மையால் கோடு இழுக்க வேண்டும். சம்மதமில்லையென்றால் வரிக்கு அடியில் பச்சைப் புள்ளிகளை வரிசையாக வைக்க வேண்டும். இருந்தபடி இருக்கட்டும் என்று அர்த்தம். பிரதி திரும்பி வந்ததும் சேச்சி பென்சிலை முழுக்க ரப்பரால் அழித்துவிட்டு என்னிடம் தருவார். மையில் இருப்பதை மட்டும் நான் பார்த்தால் போதும்.

அழிக்கிற வழக்கம் வந்ததற்கு நானே காரணம். சேர்ந்த புதிதில் ஒரு பாதிரியாரின் பிரசங்கத் தொகுப்பைக் கோத்தேன். மனந்திரும்புதலைப் பற்றி அவர் உருகி எழுதியிருந்த இடத்தில், ஓரத்துப் பென்சில் கேள்வியையும் சேர்த்துக் கோத்துவிட்டேன். "இதைத்தான் போன பக்கமே சொல்லியாச்சே, ஃபாதரே?" என்று பிரசங்கத்தின் நடுவே அச்சாகி நானூறு பிரதி வெளியே போய்விட்டது. பிஷப் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. சேச்சி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

எழுதுகிறவர்களில் எல்லா ரகமும் உண்டு. ஒரு வக்கீல், சேச்சி போட்ட அத்தனை கோட்டுக்கும் அடியில் புள்ளி வைத்து அனுப்பினார். சேச்சி புரட்டிப் பார்த்துவிட்டு, "பைலீ, புத்தகத்துக்கு அம்மை போட்டிருக்கு. தொடாதே, ஒட்டிக்கும்" என்றார்.

இட்டியவிரா மாஷ் இதற்கு நேர் எதிர். ஈராட்டுப்பேட்டைக்கு மேலே ஒரு மலைப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தலைமை ஆசிரியராக இருந்தவர். அந்த நினைவுகளை முந்நூறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தே பழகிய மனுஷன், சேச்சியின் பென்சிலுக்கு முன்னால் மட்டும் ஒன்றாம் வகுப்புப் பையனாகிவிட்டார். கோடு இருந்த இடத்திலெல்லாம் பச்சையை இழுத்து அனுப்பினார். மொத்தப் பிரதியிலும் பதினோரு இடத்தில்தான் புள்ளி வைத்திருந்தார்.

புத்தகம் வருவதற்குள் மாஷ் போய்ச் சேர்ந்துவிட்டார். புத்தகம் நன்றாகப் போயிற்று. ஐந்தே மாதத்தில் முதலாளி இரண்டாம் அச்சுக்குச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் ஷோசம்மா வந்தாள். ஜூன் மாத மழை. நாங்கள் கப்பைக்கிழங்கும் மத்தி மீன் கறியும் தின்றுகொண்டிருந்தோம். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, ஐம்பதை எட்டிய ஒரு பெண் நேராகச் சேச்சி மேஜைக்கு வந்து நின்றாள்.

"நான் இட்டியவிரா மாஷோட மக. திருச்சூர்ல நர்ஸா இருக்கேன்."

சேச்சி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "உக்காரு மோளே. மாஷுக்கு ரெண்டு ஆம்பளப் பிள்ளைங்கதானேன்னு நெனச்சேன்."

"புத்தகத்துலயும் அப்படித்தானே இருக்கு" என்றாள் அவள். "முழுசா படிச்சேன் சேச்சி. பள்ளிக்கூடத்து மணியோட பேருகூட இருக்கு, என் பேரு இல்ல. நான் ஒரு பஸ் கண்டக்டரக் கட்டிக்கிட்டேன், அவரு நம்ம சபை இல்ல. அப்பச்சன் என் பெட்டிய மழையில எறிஞ்சாரு. அதுக்கப்புறம் முப்பது வருஷம் பேசல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அவரு என்னப் பத்தி எழுதவே இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் குடையை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். சேச்சியின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அந்தப் பெட்டிக் கதையைப் படித்தது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து மாஷின் கையெழுத்துப் பிரதிக் கட்டை எடுத்து வந்து, நடுவிலிருந்து ஆறு தாள்களைப் பிரித்து வைத்தார். ஆறு தாளிலும் மேலிருந்து கீழே குறுக்காகப் பச்சைக் கோடு.

ஷோசம்மா கோட்டைப் பார்த்தாள், எழுத்தைப் பார்க்கவில்லை. "எழுதியிருக்காரு. எழுதிட்டு வெட்டியிருக்காரு."

"வெட்டினது நான், மோளே. பள்ளிக்கூடத்துக் கதைக்கு நடுவுல வீட்டுக் கதை வருதேன்னு நான்தான் பென்சில் கோடு போட்டேன். மாஷ் அது மேல மை போட்டாரு."

"பென்சில் எங்க?"

"அழிச்சாச்சு. அது இங்க வழக்கம்."

ஷோசம்மா சிரித்தாள். அழுதிருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றிற்று. "நான் நர்ஸ், சேச்சி. சாகப்போறவன் பக்கத்துல உக்காந்து, எல்லாம் சரியாயிரும்னு தினமும் சொல்றவ. எனக்கே அந்தப் பொய்யச் சொல்றீங்களா?"

சேச்சி முதல் தாளைக் குப்புறத் திருப்பிப் போட்டார். அவள் விரலைப் பிடித்துத் தாள்மேல் வைத்து மெதுவாக இழுத்தார். கோடு புடைத்திருந்தது. ஓரத்தில், "இங்க என் கேள்வி" என்று சேச்சி காட்டிய இடத்தை அவள் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, இடம் வலம் மாறித் தெரிந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். "இது இங்கே தேவையா, மாஷே?" என்று இருந்தது.

"நம்பறியா இப்ப?"

"நம்பறேன்." கட்டின் மேல்தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "இந்தப் புள்ளியெல்லாம் என்ன?"

புள்ளி என்னவென்று சேச்சி சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவருக்குத் தொழிலில் பொய் சொல்லத் தெரியாது.

"அப்ப ஒரு நாய்க்கு வெச்சிருக்காரு" என்றாள் ஷோசம்மா. "அது செத்த ரெண்டு வரிக்குப் புள்ளி வெச்சிருக்காரு. எனக்கு வைக்கல."

நான் கட்டன் சாயா போடுகிற சாக்கில் எழுந்துவிட்டேன். அந்த நிமிஷம் சேச்சிமேல் எனக்குக் கோபமே வந்தது. எதற்கு இந்த வேலை? முப்பது வருஷம் ஆறாத புண்ணைக் கீறி, அதற்கு அத்தாட்சியும் காட்டி!

நான் திரும்பி வந்தபோது சேச்சி மேஜை இழுப்பறையிலிருந்து மாஷ் விட்டுப்போன பச்சை மைப் பேனாவை எடுத்து அவள்முன் வைத்திருந்தார். "நானும் ஒங்கப்பச்சனும் சேந்து செஞ்ச தப்பு இது. நான் கேக்கக்கூடாததக் கேட்டேன், அவரு தலையாட்டினாரு. மை போடற உரிமை எனக்குக் கெடையாது. அவரு இல்லாதப்போ அது பிள்ளைங்களோடது. மொதல்ல படி. வேணும்னா நீயே புள்ளி வை. ரெண்டாம் அச்சுல பைலி கோத்துருவான்."

"அண்ணன்மாருங்க சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். இந்த மேஜைக்குத்தானே வரணும்?"

அவள் படித்தாள். ஆறு தாளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறந்த நாளிலிருந்து எழுதியிருந்தார் மாஷ். அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு மலையிறங்கியது, பெட்டியை எறிந்தது, எறிந்த கையைப் பற்றி அரைப் பக்கம். பிறகு அவள் பேனாவைத் திறந்து முதல் வரியிலிருந்து புள்ளி வைத்தாள். ஊசி போடுகிறவளின் கை, ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. நூற்று முப்பது வரிக்கு மேல் இருக்கும், சேச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆறாம் தாளின் கடைசி வரியில் பேனா நின்றது. எட்டிப் பார்த்தேன். "கடைசியில் நான் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவள் மன்னித்தாள்" என்று எழுதியிருந்தார்.

"வரல" என்றாள் ஷோசம்மா. "ஒரு நாளும் வரல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாய்க்குக்கூடப் புள்ளி வைத்தவர் இந்த ஆறு தாளை ஏன் புள்ளி வைக்காமல் விட்டுக்கொடுத்தார் என்று. பொய்யோடு அச்சேறுவதற்கு அவருக்கே மனம் வந்திருக்காது.

ஷோசம்மா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"இந்த வரிய மட்டும் அப்பச்சன் வெட்டினபடியே விட்டுருங்க" என்று சொல்லிவிட்டுத் தாள்களை என்னிடம் நீட்டினாள்.